பின்

இத்தாலியிலிருந்து மகள் பேசினாள்:
"அப்பா, உன் கதையை எழுதி வை.
பையன்கள் கேட்கிறார்கள்,
எனக்குச் சொல்லத் தெரியவில்லை."

தொண்ணூற்றாறு பக்க நோட்டு வாங்கினேன்.
அட்டையில் ஒரு வாத்து, நடுவில் இரண்டு பின்.
என் வாழ்க்கைக்கு அது போதும்.

சியாத்தூராவில் பிறந்தேன் என்று தொடங்கினேன்.
மலை முழுக்க மாங்கனீசு,
துவைத்த வேட்டி விரிப்பெல்லாம் கறுத்துக் காயும் ஊர்.
முப்பத்தோரு வருடம் ரோப் கார் ஓட்டினேன்.
ஓட்டினேன் என்பதும் மிகை:
ஓட்டியது மேலே இருந்த மோட்டார்.
நான் கதவைச் சாத்தினேன், திறந்தேன்,
பயந்தவர்களிடம் கீழே பார்க்காதே என்றேன்.

ஒரு கூண்டு ஏறினால் இன்னொன்று இறங்கும்.
இதை வைத்துத் தத்துவம் சொல்லாத குடிகாரன்
எங்கள் ஊரில் கிடையாது.
நான் சொல்லப்போவதில்லை.

முதல் சம்பளத்தில் வாங்கிய தொப்பி,
அதை ஆறு கொண்டுபோனது
(தொப்பிக்கு மட்டும் மூன்று பக்கம்),
அம்மாவின் கடைசிப் பல்,
கல்யாணத்தில் மயங்கி விழுந்த மாமன்.
கை தானாக ஓடியது.

முப்பத்துமூன்றாம் பக்கத்தில்
கரண்ட் இல்லாத அந்தக் குளிர்காலம் வந்தது.
ரோப் கார் பாதி வழியில் நின்று
பனி பிடித்துத் தொங்கிய காலம்.
சுரங்கத்துச் செம்புக் கம்பியை
இரண்டு இரவு அறுத்தேன்.
நாற்பது மீட்டர்.
மாவும் மண்ணெண்ணெயும் வாங்கினேன்.
பிடிபட்டது பக்கத்து வீட்டுக்காரர்.
அவருக்கு இரண்டு வருடம்.
நான் வாய் திறக்கவில்லை.

எழுதியதைப் படித்தேன்.
பெரியவனுக்குப் பன்னிரண்டு வயது, சின்னவனுக்கு ஒன்பது.
தாளைக் கிழித்தேன்.

நோட்டு தைத்த விதம் எனக்கு மறந்துவிட்டது.
இந்தப் பக்கம் ஒரு தாளை உருவினால்
அந்தப் பக்கம் அதன் ஜோடி கழலும்.
அறுபத்துமூன்றாம் பக்கம் மடியில் விழுந்தது.
மாக்வலா பஸ் ஏறிய நாள் அது.
பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவள் சொன்னது,
நானே ஆசையாக எழுதியது:
"நீ பொய் சொல்லி நான் பார்த்ததில்லை அப்பா."

அன்று ராத்திரி தூங்கவில்லை.
அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, முதுகு வலித்தது.

விடிந்ததும் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு
ஜுஜூனா வீட்டுக்குப் போனேன்.
புருஷன் செத்துப் பதினோரு வருடம்.
பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.
நின்றபடியே வாசித்தேன்.
உரிப்பதை அவள் நிறுத்தவில்லை.

முடித்ததும் கேட்டாள்:
"எத்தனை மீட்டர் என்றாய்?"
"நாற்பது."
"அவர் மேல் எழுதியது அறுபது."
ஒரு பீன்ஸ் தரையில் உருண்டது.
"அப்போ அந்த இருபது யாருடையது?"

எனக்குத் தெரியாது.
இந்த ஊரில் இன்னொரு கிழவன்,
ஒருவேளை கிழவி,
இருபது மீட்டரை விழுங்கிக்கொண்டு
என்னைப் போலவே ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறான்.

மன்னிப்பு என்றேன், அல்லது அதைப் போல ஏதோ.
அதற்கு அவள் பதில் சொல்லவில்லை.
தாளை வாங்கினாள். கண்ணாடி போட்டாள்.
மெதுவாக, உதடு அசைய, ஒரு முறை படித்தாள்.
விரலை ஓரிடத்தில் ஊன்றினாள்.

"பக்கத்து வீட்டுக்காரர் என்று போட்டிருக்கிறாய்.
அவருக்குப் பெயர் இல்லையா?"

பேனாவையும் அவளே கொடுத்தாள்.
பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி
அவள் பார்க்கப் பார்க்க அடித்துவிட்டு எழுதினேன்:
ஸோசிமே லோப்ஜானித்ஸே.

வீட்டுக்கு வந்து இரண்டு தாளையும் உள்ளே செருகி
கரண்டிக் காம்பால் பின்னை மடக்கினேன்.
சரியாக உட்காரவில்லை.
முப்பத்துமூன்றாம் பக்கம் மட்டும்
மற்றதைவிட ஒரு நூல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.
பெயரும் நீளம், வரியில் இடம் போதவில்லை.
கடைசி எழுத்துகள் ஓரத்தில் வளைந்து
கீழே இறங்கிப்போகின்றன.

பையன்கள் கேட்பார்கள், இது யார் என்று.